அமெரிக்காவில் நியூட்ரிஷன் அண்ட் டயட்டெட்டிக்ஸ்: மாணவர் கையேட்டில் கையெழுத்து வைக்க முதல் எதைப் பார்க்க வேணும்?

பம்பலப்பிட்டி அம்மா

வணக்கம். மகள் உயர்தரத்தில உயிரியல் பிரிவு. கொழும்பில ஒரு தனியார் நிறுவனத்தில அமெரிக்க ட்ரான்ஸ்ஃபர் புரோகிராம் செய்யிறா, இரண்டாம் வருஷம் முடியப்போகுது. ஆகஸ்டில அமெரிக்காவில மூன்றாம் வருஷம் தொடங்க அனுமதி வந்திட்டுது. மேஜர் நியூட்ரிஷன் அண்ட் டயட்டெட்டிக்ஸ். இப்ப அந்தத் துறையில இருந்து 50 பக்கத்துக்கு மேல ஒரு மாணவர் கையேடு அனுப்பி, கடைசிப் பக்கத்தில "வாசித்து ஏற்றுக்கொள்கிறேன்" எண்டு கையெழுத்து வைச்சு அனுப்பட்டாம்.

தாயும் மகளுமா இருந்து வாசிச்சம். சில இடம் விளங்கேல்ல. துறைப் பாடங்களில சி எடுக்க வேணும், சி மைனஸ் செல்லாது எண்டு கையேட்டில இருக்கு. பல்கலைக்கழக இணையத்தளத்தில டி எடுத்தாலே பாஸ் எண்டு போட்டிருக்கு. எதை நம்புறது? "வெரிஃபிகேஷன் ஸ்டேட்மென்ட்" எண்டு பக்கத்துக்குப் பக்கம் வருது, அது பட்டச் சான்றிதழ் தானா? இங்க படிச்ச கெமிஸ்ட்ரியை ஏற்பாங்களா எண்டதுக்கு "புரோகிராம் டைரக்டரின் தீர்மானம்" எண்டதோட முடிச்சிருக்கினம். பிறகு தடுப்பூசி, போலீஸ் அறிக்கை, காப்புறுதி எண்டு நாலு பக்கம். வகுப்பில இருந்து படிக்கிற பிள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு?

இப்ப மார்ச். தெரிஞ்சவை கொஞ்சம் விளக்கமாச் சொல்லுங்கோ.

மிளகுத்தண்ணி

அக்கா, நீங்கள் பார்த்தது இரண்டும் சரி. மகளை இரண்டு சட்டப் புத்தகங்கள் ஆளப்போகின்றன. ஒன்று பல்கலைக்கழகத்தின் கட்டலொக், மற்றது துறையின் கையேடு. பட்டம் கொடுப்பது பல்கலைக்கழகம்; அதற்கு டி போதும். வெரிஃபிகேஷன் ஸ்டேட்மென்ட் கொடுப்பது துறையின் புரோகிராம் டைரக்டர். அதற்கு சி வேண்டும், சில இடங்களில் மருத்துவப் போசணைப் பாடங்களுக்கு பி மைனஸ் கேட்பார்கள். இரண்டும் முரண்படும் இடத்தில் எது கடுமையானதோ அதையே பிள்ளை பின்பற்ற வேண்டும்.

அந்த ஸ்டேட்மென்ட் ஒரு பக்கக் கடதாசி. ஏசென்ட் என்ற அங்கீகார சபை ஏற்றுக்கொண்ட பாடத்திட்டத்தை இந்த மாணவி முழுமையாக முடித்துவிட்டாள் என்று டைரக்டர் கையெழுத்திட்டுக் கொடுப்பது. பட்டச் சான்றிதழ் கையில் இருந்து இது இல்லாவிட்டால், நியூட்ரிஷன் படித்த பட்டதாரி என்று சொல்லலாம். பதிவு பெற்ற டயட்டீஷியன் ஆகும் பாதைக்குள் கால் வைக்க முடியாது. பட்டமளிப்பு விழா முடிந்த பிறகு இது தெரியவந்து தலையில் கை வைக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

ஜி.பி.ஏ., அதாவது பெறுபேறுகளின் சராசரிப் புள்ளி, நல்லாக இருந்தால் போதும் என்பதும் இங்கே பிழைக்கும். ஒரு செமஸ்டரைப் போட்டுப் பார்ப்போம். ஓர்கானிக் கெமிஸ்ட்ரி 4 கிரெடிட், சி மைனஸ் (1.7): 6.8 புள்ளி. போசணை 3 கிரெடிட், ஏ: 12. புள்ளிவிபரவியல் 3 கிரெடிட், பி பிளஸ் (3.3): 9.9. உணவு விஞ்ஞானம் 3 கிரெடிட், பி: 9. உளவியல் 3 கிரெடிட், ஏ: 12. கூட்டினால் 49.7, வகுத்தல் 16, ஜி.பி.ஏ. 3.11. பல்கலைக்கழகக் கண்ணுக்கு நல்ல மாணவி. துறையின் கண்ணுக்கு ஓர்கானிக் கெமிஸ்ட்ரி இன்னும் முடிக்காதவள்.

அதற்குப் பிறகுதான் உண்மையான வில்லங்கம். பொது இரசாயனம், ஓர்கானிக், பயோகெமிஸ்ட்ரி, எம்.என்.டி. ஒன்று, எம்.என்.டி. இரண்டு என்று இது ஒரு சங்கிலி. முன்னது முடியாமல் பின்னதில் பதிய கணினியே விடாது. எம்.என்.டி. என்றால் மெடிக்கல் நியூட்ரிஷன் தெரப்பி, நீரிழிவு, சிறுநீரக நோய், குழாய்வழி உணவு எல்லாம் வரும் இடம். சின்னத் துறைகளில் இந்தப் பாடங்கள் வருஷத்துக்கு ஒரு தடவைதான் நடக்கும். செப்டெம்பரில் தொடங்கிய பாடத்தில் சி மைனஸ் என்றால் அடுத்த செப்டெம்பர் வரை அந்தச் சங்கிலி நிற்கும். ஒரு புள்ளித் தசமத்துக்கு ஒரு வருஷக் கட்டணமும் இருப்பிடச் செலவும். கையேட்டின் பின்பக்கத்தில் எந்தப் பாடம் எந்தத் தவணையில் என்று ஒரு அட்டவணை இருக்கும். முழுக் கையேட்டிலும் அதுதான் முக்கியமான பக்கம் என்பேன்.

திரும்ப எடுப்பது பற்றியும் பாருங்கள். இங்கத்தைய கம்பஸ் பழக்கத்தில் ரிப்பீட் என்றால் அடுத்த பட்சோடு பேப்பரை மட்டும் எழுதுவது. எவ்வளவு நன்றாக எழுதினாலும் சிக்கு மேல் பதியமாட்டார்கள். அங்கே பாடம் முழுவதையும், லாப் உட்பட, காசு கட்டித் திரும்பப் படிக்க வேண்டும். ஏ எடுத்தால் ஏ என்றே பதிவார்கள். ஆனால் பழைய பெறுபேற்றை நீக்கிவிடுகிறார்களா, இரண்டையும் சேர்த்துச் சராசரி எடுக்கிறார்களா என்பது இடத்துக்கு இடம் மாறும். எத்தனை தடவை எடுக்கலாம் என்ற வரம்பும் உண்டு, அநேகமாக இரண்டு. இடையில் விலகி டபிள்யூ வாங்கியதும் ஒரு தடவையாக எண்ணப்படுமா என்று அந்த வரியை உற்றுப் பாருங்கள். பல கையேடுகளில் எண்ணப்படும்.

இன்னொன்று. அனுமதிக் கடிதத்தில் மேஜருக்கு முன்னால் "ப்ரீ" என்ற சொல் ஒட்டியிருக்கிறதா? இருந்தால் மகள் இன்னும் துறைக்குள் போகவில்லை. பல்கலைக்கழகத்துக்குப் போனபின் துறைக்கென்று இன்னொரு விண்ணப்பம், ஜி.பி.ஏ. வரம்பு, சிலவேளை நேர்முகம்.

மூன்றாம் குறுக்கு

நாலு வருஷம் முடிய நேரே ஆர்.டி. (பதிவு பெற்ற டயட்டீஷியன்) சோதனை எழுதலாம் தானே? தூரத்துச் சொந்தத்தில ஒருத்தர் அப்பிடித்தான் செய்தவர். இவ்வளவு பயப்படுத்தத் தேவையில்லை எண்டு நினைக்கிறன்.

மிளகுத்தண்ணி

அவர் 2024க்கு முன் எழுதியிருப்பார். 2024 ஜனவரி 1 முதல் அந்தப் பரீட்சைக்கு முதுமாணிப் பட்டம் கட்டாயம். பரீட்சையை நடத்தும் சி.டி.ஆர். கொண்டுவந்த விதி. அதோடு குறைந்தது 1,000 மணித்தியாலம் மேற்பார்வையுடன் கூடிய பயிற்சி எப்போதும் வேண்டும்: வைத்தியசாலை, சமூக நிலையங்கள், பெரும் சமையல் நிர்வாகம் எல்லாம் சேர்த்து. 4 வருஷ இளமாணியோடு பாதி வழி என்று எண்ணிப் பணத்தைத் திட்டமிடுங்கள்.

ஆகவே கையேட்டின் முதல் பக்கத்தில் புரோகிராமின் வகை என்ன என்று பாருங்கள். டைடாக்டிக் புரோகிராம், சுருக்கமாக டி.பி.டி., என்றால் பாடம் மட்டும். 1,000 மணித்தியாலத்துக்கு வேறு இடம் தேடி விண்ணப்பிக்க வேண்டும். கோஓர்டினேட்டட் என்றால் பாடமும் பயிற்சியும் ஒரே கூரையின் கீழ். வெறுமனே "நியூட்ரிஷன் சயன்ஸ்" என்று மட்டும் போட்டு ஏசென்ட் பெயரே இல்லாவிட்டால் ஸ்டேட்மென்ட்டும் கிடையாது. ஏசென்ட் இணையத்தளத்தில் புரோகிராம் பட்டியல் இருக்கிறது, பல்கலைக்கழகத்தின் பெயரைத் தேடினால் எந்த வகைக்கு அங்கீகாரம் என்று வரும்.

ஸ்டேட்மென்ட் காலாவதி ஆகாது. ஆனால் பயிற்சிக்குச் சேர்க்கும் இடங்கள் பல, அது 5 வருஷத்துக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும் என்று தம் சொந்த விதியை வைத்திருக்கின்றன. பட்டம் முடித்து ஊருக்கு வந்து, கலியாணம், பிள்ளை என்று ஆறேழு வருஷம் கழித்துத் திரும்பப் போக நினைத்தால் சில பாடங்களைப் புதிதாக எடுக்கச் சொல்வார்கள்.

கணக்குப்பிள்ளை

கிரெடிட் விஷயத்துக்கு வாறன். ட்ரான்ஸ்ஃபரில் இரண்டு தனித்தனித் தீர்மானம் நடக்கிறது. பல்கலைக்கழக அனுமதிப் பிரிவு "60 கிரெடிட் ஏற்கப்பட்டது" என்று எழுதும். அதில் எத்தனை துறைப் பாடத்துக்குப் பதிலாக எண்ணப்படும் என்பது வேறு கதை; அதைத்தான் "டைரக்டரின் தீர்மானம்" என்கிறார்கள். 60 ஏற்கப்பட்டு, அதில் 15 வெறும் விருப்பப் பாடமாக ஒதுங்கிக் கிடந்தால் மூன்றாம் வருஷம் என்பது பெயருக்குத்தான்.

கொழும்பிலிருந்து போகிறவர்களுக்கு வழமையாக இடறும் இடம் லாப். அங்கே பொது இரசாயனம் 4 கிரெடிட் என்றால் 3 விரிவுரைக்கு, 1 லாப்புக்கு. இங்கே டிரான்ஸ்கிரிப்டில் லாப் மணித்தியாலம் தனியாகத் தெரியாவிட்டால் லாப் செய்யவில்லை என்றே எடுத்துக்கொள்வார்கள். அதனால் இங்கிருந்து கிளம்ப முதல், நிறுவனத்திடம் ஒவ்வொரு விஞ்ஞானப் பாடத்துக்கும் பாடவிபரத் தாளை முத்திரையோடு வாங்குங்கள். அதில் இருக்க வேண்டியவை: விரிவுரை மணித்தியாலம், லாப் மணித்தியாலம் தனியாக, செய்த பரிசோதனைகளின் பட்டியல், பாடநூலின் பெயரும் பதிப்பும், புள்ளி வழங்கிய முறை. லாப் ரிப்போர்ட் கொப்பியைப் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுவிடாதீர்கள். சில டைரக்டர்மார் அதையும் கேட்பார்கள்.

டிரான்ஸ்கிரிப்ட் யார் பெயரில் வருகிறது என்பதும் முக்கியம். அமெரிக்கப் பங்காளிப் பல்கலைக்கழகம் நேரடியாக வழங்குகிறதென்றால் சிக்கல் குறைவு. உள்ளூர் நிறுவனத்தின் பெயரில் என்றால் வெஸ் போன்ற மதிப்பீட்டு நிறுவனத்திடம் பாடம் பாடமாக மதிப்பிட்ட அறிக்கை கேட்பார்கள். மொத்தமாகப் பட்டத்தை மட்டும் மதிப்பிடும் மலிவான அறிக்கை இதற்கு உதவாது, காசு வீண். உயர்தரச் சான்றிதழ் ஆங்கிலத்தில் தேவைப்பட்டால் பத்தரமுல்லை பெலவத்தையிலுள்ள பரீட்சைத் திணைக்களம்.

ட்ரான்ஸ்ஃபர் பாடங்களின் பெறுபேறு அங்கத்தைய ஜி.பி.ஏ.யில் சேராது, கிரெடிட் மட்டுமே போகும். இங்கே 3.9 வைத்திருந்தாலும் அங்கே பூச்சியத்திலிருந்து தொடங்கும். முதல் செமஸ்டரிலேயே ஓர்கானிக்கும் உடற்றொழிலியலும் சேர்த்து எடுத்தால் முதல் ஜி.பி.ஏ.யே அடிவாங்கும், தாங்கிப் பிடிக்கப் பழைய ஏக்கள் இருக்காது. ஒன்றை அடுத்த தவணைக்குத் தள்ளச் சங்கிலி இடம் கொடுக்கிறதா என்று அட்டவணையில் பாருங்கள்.

பம்பலப்பிட்டி அம்மா

நன்றி. கோர்ஸ் அவுட்லைன் கேட்டு நாளைக்கே போறன். இன்னொண்டு: ரிசல்ட்ஸ் எங்களுக்கு அனுப்புவாங்களா? காசு கட்டுறது நாங்கள் தானே. தடுப்பூசி விஷயத்துக்கும் யாரும் சொல்லேல்ல.

கணக்குப்பிள்ளை

அனுப்பமாட்டார்கள். ஃபெர்ப்பா என்று 1974ஆம் ஆண்டுச் சட்டம். பல்கலைக்கழகத்தில் படிக்கத் தொடங்கிய கணத்திலிருந்து கல்விப் பதிவுகளின் உரிமை மாணவிக்கு. கட்டணம் யார் கட்டினாலும் மகளின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் டைரக்டர் உங்களோடு புள்ளி பற்றிக் கதைக்கவே கூடாது. பெற்றோரின் வரிக் கணக்கில் தங்கிவாழும் பிள்ளை என்றால் விதிவிலக்கு உண்டு. அது அமெரிக்க வரி, கொழும்பிலிருக்கிற உங்களுக்குப் பொருந்தாது. மாணவர் தளத்தில் சம்மதப் படிவம் இருக்கும். மகளோடு பேசி, விருப்பமென்றால் அவரே நிரப்பட்டும்.

விசா பக்கம் இதோடு பின்னிக் கிடக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் செமஸ்டருக்குக் குறைந்தது 12 கிரெடிட் எடுக்க வேண்டும். 16 எடுத்தவர் கஷ்டமான 4 கிரெடிட் பாடத்தை விட்டால் 12, பிரச்சினை இல்லை. 14 எடுத்தவர் அதே பாடத்தை விட்டால் 10, விசா நிலை முறிந்துவிடும். அதனால் பாடத்தை விடுகிறதென்றால் முதலில் டி.எஸ்.ஓ. என்ற சர்வதேச மாணவர் அதிகாரியிடம் அனுமதி, பிறகுதான் கணினியில் அழுத்துவது. வரிசை மாறக்கூடாது. பாட ஆலோசகர் "விடலாம்" என்று சொன்னது விசாவுக்குச் சாட்சி ஆகாது; அவருக்கு எஃப்-1 விதி தெரிந்திருக்க வேண்டும் என்றில்லை.

ஒன்லைன் பாடம் ஒன்றுதான், அதாவது 3 கிரெடிட் வரைதான், அந்த 12க்குள் எண்ணப்படும். டயட்டெட்டிக்ஸ் துறைகளில் சமூகப் போசணை, மருத்துவச் சொற்கள் போன்றவை ஒன்லைனில் மட்டுமே நடப்பது சாதாரணம். பதியும்போது எண்ணிக்கொள்ளட்டும்.

விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவத்தில் மேஜருக்கு எதிரே ஒரு எண் இருக்கும், சிப் கோட் என்பார்கள். 30.1901 என்றால் நியூட்ரிஷன் சயன்ஸ், அது ஸ்டெம் என்ற விஞ்ஞான, தொழில்நுட்பத் துறைகளின் பட்டியலில் உண்டு. படித்து முடிய 12 மாத ஓ.பி.டி. வேலை அனுமதிக்கு மேல் இன்னும் 24 மாதம் நீட்டக் கேட்கலாம். 51.3101 என்றால் டயட்டெட்டிக்ஸ், அதில் இல்லை. ஒரே கட்டடத்தில் ஒரே ஆசிரியர்கள் படிப்பித்தாலும் இந்த எண்ணால் இரண்டு வருஷம் போகும் வரும். ஆனால் எண்ணுக்காக மேஜரை மாற்றினால் ஸ்டேட்மென்ட் கிடைக்குமா என்று முதலில் கேட்க வேண்டும்.

கறிவேப்பிலை

தடுப்பூசிக்கு வாறன். வகுப்பில் மட்டும் இருக்கிற பிள்ளைக்கு எதற்கு என்று கேட்டிருந்தீர்கள். மூன்றாம் நான்காம் வருஷத்தில் வைத்தியசாலை, முதியோர் இல்லம், பாடசாலைச் சமையற்கூடம் என்று அனுப்புவார்கள். அந்த நிறுவனங்கள் கேட்பதைத்தான் துறை முன்கூட்டியே கேட்கிறது. ஒரு ஊசி குறைந்தால் அந்த இடத்துக்கு விடமாட்டார்கள். விடாவிட்டால் அந்தப் பாடம் முடியாது.

மகளின் பழைய கிளினிக் அட்டையைத் தேடி எடுங்கள். எம்.எம்.ஆர். நம் தேசிய அட்டவணைக்கு வந்தது 2011இல். மகள் அதற்கு முன் பிறந்தவர் என்றால் அட்டையில் சின்னமுத்தும் ருபெல்லாவும் இருக்கும், கூகைக்கட்டு இருக்காது. அங்கே கேட்பது எம்.எம்.ஆர். இரண்டு டோஸ், இடையில் குறைந்தது 28 நாள். கொப்புளிப்பான் ஊசி நம் அட்டவணையிலேயே இல்லை. சின்ன வயதில் வந்திருந்தால் இரத்தத்தில் ஐ.ஜி.ஜி. என்ற எதிர்ப்புப் பொருளைப் பார்த்து அறிக்கை எடுக்கலாம். வரவில்லையென்றால் இரண்டு டோஸ், அதற்கும் நாலு வார இடைவெளி. இந்த இரண்டும் உயிர்த் தடுப்பூசிகள். ஒரே நாளில் இரண்டு கையிலும் போடலாம்; ஒரே நாளில் போடாவிட்டால் இடையில் நாலு வாரம் விட வேண்டும்.

காசநோய்ச் சோதனையில்தான் நம் பிள்ளைகள் மாட்டுவது. பிறந்தவுடன் பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசி போடுகிற நாடு இது. தோலில் ஊசி போட்டுத் தடிப்பை அளக்கும் சோதனை செய்தால் அந்த பி.சி.ஜி.யாலேயே பொசிட்டிவ் காட்டலாம். பிறகு எக்ஸ்ரே, கடிதம், அலைச்சல். இரத்தத்தில் செய்யும் குவாண்டிஃபெரோன் சோதனையை பி.சி.ஜி. குழப்பாது. கையேடு இரண்டில் ஒன்றை ஏற்கும் என்றால் இரத்தச் சோதனையையே தெரிவு செய்யுங்கள். அதற்கான இரத்தத்தை எம்.எம்.ஆர். போடும் அன்றே, அல்லது அதற்கு முன் எடுக்க வேண்டும். ஊசி போட்ட பிறகு என்றால் நாலு வாரம் பொறுக்க வேண்டும், இல்லையேல் முடிவை நம்ப முடியாது.

போலீஸ் அறிக்கை: அங்கே அவர்கள் செய்கிற பின்னணிச் சோதனை அமெரிக்கப் பதிவுகளைப் பார்க்கும். சில வைத்தியசாலைகள் சொந்த நாட்டு அறிக்கையும் கேட்கும். இங்கே இருக்கும்போது பொலிஸ் தலைமையகத்தில் எடுப்பது சுலபம், அங்கிருந்து எடுப்பது இழுபறி. ஆனால் வைத்தியசாலை 6 மாதத்துக்கு உட்பட்டதைத்தான் ஏற்பேன் என்றால் இப்போதே எடுத்து வைப்பதில் பயன் இல்லை. கால எல்லையைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

காப்புறுதி இரண்டு வகை, குழப்பிக்கொள்ள வேண்டாம். ஒன்று மருத்துவக் காப்புறுதி. மற்றது தொழில்சார் பொறுப்புக் காப்புறுதி. பயிற்சியிடத்தில் மாணவியால் நோயாளிக்குத் தீங்கு நேர்ந்தால் என்பதற்கு. பின்னதைச் சில பல்கலைக்கழகங்கள் தாமே எடுக்கும், சில மாணவி தலையில் போடும். பயிற்சியிடத்துக்குப் போய் வரும் வழியில் விபத்து என்றால் யார் பொறுப்பு என்றும் கையேட்டில் இருக்க வேண்டும், அது ஏசென்ட் நிபந்தனை. பெரும்பாலும் "மாணவியே பொறுப்பு" என்றுதான் எழுதியிருப்பார்கள். சொந்த வாகனம் கட்டாயமா என்பதையும் அந்தப் பக்கத்திலேயே பாருங்கள். கொழும்பில் 100, 101 பஸ்ஸில் ஏறி இறங்கிய பிள்ளைக்கு, பஸ்ஸே ஓடாத ஊரில் 40 மைல் தள்ளி இருக்கும் வைத்தியசாலை பெரிய தலையிடி.

மிளகுத்தண்ணி

இன்னும் இரண்டு மூன்று இடங்கள், இங்கத்தைய பழக்கத்தோடு போனால் வழுக்கும்.

மெடிக்கல் போடுவது. இங்கே பரீட்சையன்று காய்ச்சல் என்றால் வைத்தியச் சான்றிதழ் கொடுத்துவிட்டு, அடுத்த முறை முதல் தடவையாகவே எழுதலாம். அங்கே அப்படி ஒரு பாதை இல்லை. "இன்கம்ப்ளீட்" என்று ஒன்று உண்டு, பெறுபேற்றுத் தாளில் ஐ என்று விழும். ஆனால் அதை ஆசிரியர் கொடுக்க விரும்ப வேண்டும். பாடத்தின் பெரும்பகுதி ஏற்கனவே பாஸ் தரத்தில் முடிந்திருக்க வேண்டும். எழுத்தில் ஒப்பந்தம், அதில் முடிவுத் தேதி. தேதி தவறினால் ஐ தானாகவே எஃப் ஆகிவிடும். பரீட்சை முடிந்து மூன்று நாள் கழித்து மெடிக்கல் அனுப்பிப் பலன் இல்லை. வருத்தம் என்றால் பரீட்சைக்கு முன்பே ஆசிரியருக்கு மின்னஞ்சல் போக வேண்டும்.

நோயாளியின் விபரம். 1996ஆம் ஆண்டின் ஹிப்பா சட்டம் வைத்தியசாலைக்குள் கால் வைத்த நாளிலிருந்து மாணவிக்கும் பொருந்தும். கேஸ் ஸ்டடி எழுதும்போது பெயரை மட்டும் நீக்கினால் போதாது; பிறந்த தேதி, அனுமதித்த தேதி, வார்ட், படுக்கை எண் எல்லாம் போக வேண்டும். "58 வயது ஆண், இரண்டாம் வகை நீரிழிவு, எச்பிஏ1சி 9.2" என்பது சரி. அட்டையை ஃபோனில் படம் எடுத்து வாட்சப்பில் நண்பிக்கு அனுப்பி "இதன் கலோரிக் கணக்கு சரியா பார்" என்று கேட்டால், அந்தப் படத்துக்காகவே துறையை விட்டு நீக்கலாம், புள்ளி ஏ ஆக இருந்தாலும்.

உணவு ஆய்வுகூடம். மூடிய சப்பாத்து, தலைமுடி மூடல், நகப்பூச்சும் வளையலும் கூடாது என்பது வழமை. சுவை மதிப்பீட்டில் மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி, முட்டை வரும். சைவக்காரப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் செமஸ்டரின் முதல் வாரத்திலேயே எழுத்தில் கேட்டால் சமைத்து, நிறம், மென்மை பார்த்து, ருசி பார்க்காமல் அறிக்கை எழுத விடுவார்கள், அல்லது வேறு மாதிரி தருவார்கள். அன்றைக்குக் காலையில் போய்ச் சொன்னால் புள்ளி போகும். வெப்பநிலை எல்லாம் ஃபரன்ஹைட். 41 முதல் 135 பாகை வரை ஆபத்து வலயம், நமது 5 முதல் 57 செல்சியஸ். சேர்வ்சேஃப் என்ற உணவுப் பாதுகாப்புச் சான்றிதழ் கேட்டால் அந்த எண்கள் அப்படியே மனதில் இருக்க வேண்டும்.

முறைப்பாடு. ஒரு புள்ளியில் அநியாயம் என்று தோன்றினால் வரிசை இது: ஆசிரியர், டைரக்டர், துறைத் தலைவர், பிறகு பீடம். ஒவ்வொரு படிக்கும் நாள் எல்லை உண்டு, சில இடங்களில் 10 வேலை நாள்தான். ஏசென்டுக்கு நேரே எழுதலாம் என்றும் கையேட்டில் இருக்கும். ஆனால் புரோகிராம் அதன் தரவிதிகளை மீறினால் மட்டுமே அவர்கள் பார்ப்பார்கள், பி பிளஸை ஏ ஆக்கித் தரமாட்டார்கள். அவர்களிடம் போகக்கூடிய விஷயத்துக்கு உதாரணம்: பயிற்சி என்று அனுப்பி, ஆள் பற்றாக்குறைக்கு மாணவியைச் சம்பளமில்லாமல் ஊழியர் வேலைக்கு நிறுத்துவது. அது வெளிப்படையாகவே தடை.

மிக மோசமாகப் போனால் என்ன என்பதும் எழுதியிருக்க வேண்டும். பின்தங்கும் மாணவிக்குத் துணைப் படிப்பு கொடுக்கத் துறைக்குக் கடமை உண்டு. அதற்கும் சரிவராவிட்டால் வேறு மேஜருக்கு வழிகாட்டுவார்கள். துறையை விட்டு நீக்கப்படுவது பல்கலைக்கழகத்தை விட்டு நீக்கப்படுவது அல்ல. கிரெடிட்டுகள் நிற்கும், பொதுச் சுகாதாரம் போன்ற மேஜருக்குத் திருப்பலாம்.

மூன்றாம் குறுக்கு

2024 விஷயம் தெரியாது, நன்றி. அப்ப இவ்வளவு செலவழிச்சு அங்க போறதை விட இங்கயே வயம்பவில செய்தால் என்ன?

கணக்குப்பிள்ளை

மாகந்துரையில் வயம்ப பல்கலைக்கழகத்தின் உணவு விஞ்ஞானமும் போசணையும் பட்டம் நல்லது, கட்டணமும் இல்லை. ஆனால் அதற்கு யூ.ஜி.சி. (பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு) வழியாக உயர்தர இஸட் புள்ளியோடு போக வேண்டும். இரண்டு வருஷம் தனியாரில் படித்தவர் இடையில் நுழைய வழியில்லை. அக்காவின் மகளுக்கு அந்தக் கதவு இப்போது திறந்திருக்கிறதென்று நான் சொல்லமாட்டேன்.

திரும்பி வந்து இங்கே வேலை என்றால், யூ.ஜி.சி. வெளிநாட்டுப் பட்டத்தை ஏற்கப் பார்ப்பது பல்கலைக்கழகம் சர்வதேசப் பல்கலைக்கழகக் கையேட்டில் இருக்கிறதா என்பதைத்தான். ஏசென்ட் அங்கீகாரம் அதற்குப் பதில் ஆகாது. அது தொழில் பக்கம், இது பட்டத்தின் பக்கம். கட்டணம் கட்ட முதல் வார்ட் பிளேசிலுள்ள யூ.ஜி.சி.க்கு ஒரு நடை போய், பல்கலைக்கழகத்தின் முழுப் பெயரும் கம்பஸ் இருக்கும் நகரமும் எழுதிக் கேட்டுவிடுங்கள். ஒரே பெயரில் நாலு கம்பஸ் வைத்திருக்கும் இடங்கள் உண்டு, நகரம் எழுதாமல் கேட்டால் பதிலும் அரைகுறையாகத்தான் வரும்.

பம்பலப்பிட்டி அம்மா

எல்லாருக்கும் பெரிய நன்றி. அப்ப கையெழுத்தை நிறுத்தி வைக்கிறதா?

மிளகுத்தண்ணி

நிறுத்தத் தேவையில்லை. வைக்க முதல் மகளின் பெயரில், மகளின் மின்னஞ்சலில் இருந்து, டைரக்டருக்கு இவ்வளவும் கேட்கட்டும்: கொழும்பில் செய்த ஒவ்வொரு பாடமும் எந்த டி.பி.டி. பாடத்துக்குப் பதிலாக ஏற்கப்படும், பாடம் பாடமாக. தான் துறைக்குள்ளா, ப்ரீ நிலையிலா. எந்த வருஷக் கையேடு தன் பட்டம் முடியும் வரை பொருந்தும். அவர்களின் பட்டதாரிகள் முதல் தடவை பரீட்சை எழுதி ஒரு வருஷத்துக்குள் எத்தனை வீதம் சித்தியடைகிறார்கள். கடைசிக் கேள்விக்கு ஏசென்ட் எதிர்பார்ப்பது குறைந்தது 80 வீதம், அதற்குக் கீழே சொன்னால் யோசியுங்கள். பதில் எழுத்தில் வந்தபின் பி.டி.எஃப். ஆகச் சேமித்துக் கையேட்டோடு வையுங்கள். டைரக்டர் மாறினால் புதியவருக்குக் காட்ட அதுதான் இருக்கும். தொலைபேசியில் "பிரச்சினை இல்லை, எடுப்போம்" என்றதை எதிலும் காட்ட முடியாது.

கறிவேப்பிலை

அக்கா, ஹெபடைட்டிஸ் பி சொல்ல விட்டுவிட்டேன். அட்டையில் மூன்று டோஸ் இருந்தால் சரி, இரத்தத்தில் எதிர்ப்பளவு மட்டும் பாருங்கள். இல்லையென்றால் 0, 1, 6 மாதம் என்று மூன்று. இந்தக் கிழமை தொடங்கினால் இரண்டாவது ஏப்ரலில், மூன்றாவது செப்டெம்பரில், அதாவது மகள் அங்கே போனபிறகு. பல துறைகள் "தொடர் நடந்துகொண்டிருக்கிறது" என்று இரண்டு டோஸோடு பதிய விடும். அட்டையில் ஊசியின் பெயர், லொட் எண், தேதி, வைத்தியரின் முத்திரை நான்கும் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். தேதியில் மாதத்தைச் சொல்லாகவே எழுதச் சொல்லுங்கள்: 04/05 என்றால் நமக்கு மே 4, அவர்களுக்கு ஏப்ரல் 5. இடைவெளி 28 நாளுக்குக் குறைவு என்று கணக்குப் போட்டு ஊசியையே செல்லாது என்றுவிடுவார்கள்.